வார்ப்புக்கு முன்னால் பைப்: புது வீட்டில் இன்டர்நெட், போன், டிவி ஒயரிங்

கம்பி கட்டி முடித்து வார்ப்புக்கு நாள் பார்த்துவிட்டீர்கள் என்றால், மிக்சர்காரருக்கு போன் போடும் முன்னால் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். லைட், ஃபேன், ஏசிக்கான பைப்பெல்லாம் எலக்ட்ரீஷியன் கேட்காமலே போட்டுவிடுவார். இன்டர்நெட், போன், டிவி என்று வந்தால் மட்டும் "இப்ப எல்லாம் வைஃபைதானே அண்ணே, எதுக்கு இந்தச் செலவு" என்று முடித்துவிடுவார். அப்புறம் என்ன, பால்காய்ப்பு முடிந்த கையோடு இணைப்பு கொடுக்க வருகிற பையன் கண்ணில் படுகிற சுவரில் டிரில் போடுவான், புதுப் பெயின்ட் மேல் கிளிப் அடித்து ஜன்னல் ஓரமாக ஒயரைக் கொண்டுபோவான், மாடி அறையில் சிக்னல் ஒரு கோடு வந்தால் பெரிய விஷயம். துபாயில் இருக்கும் பேரன் வீடியோ காலில் வரும்போது பாட்டி போனைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

ஒன்றை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். கேபிளை எப்போது வேண்டுமானாலும் உருவிவிட்டு வேறு இழுக்கலாம், பைப் கான்கிரீட்டுக்குள் போய்விட்டால் வீடு இருக்கிறவரை அதுதான். அதனால் கேபிளில் கொஞ்சம் சிக்கனம் பார்த்தாலும் பைப்பில் பார்க்காதீர்கள். கையில் காசு இடிக்கிறதா, எல்லா இடத்துக்கும் பைப்பும் அதற்குள் ஒரு நைலான் கயிறும் மட்டும் போட்டுவையுங்கள், கேபிளை அடுத்த வருஷம் இழுத்தாலும் ஒன்றும் குடி முழுகாது. உள்ளே விடுவதற்குக் கட்டுக்கம்பி மட்டும் வேண்டாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஈரத்துக்கு அது துருப்பிடித்து, இழுக்கும் அன்றைக்குப் பாதியில் அறுந்து உள்ளேயே கிடக்கும்.

சரி, வீட்டு பிளானை ஒரு ஜெராக்ஸ் எடுத்து முன்னால் வையுங்கள். முதலில் குறிக்க வேண்டியது மையப்பெட்டி எங்கே என்பதை. வெளியிலிருந்து வரும் ஃபைபர், அதன் மோடம், நெட்டை ஒவ்வொரு அறை ஒயருக்கும் பிரித்துக் கொடுக்கும் நெட்வொர்க் சுவிட்ச், கேமரா ரெக்கார்டர் எல்லாம் அங்கேதான் இருக்கும், ஒவ்வொரு அறையின் ஒயரும் தனித்தனியாக அங்கேதான் வந்து சேர வேண்டும். பழைய போன் ஒயரிங்கில் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு அப்படியே தொடுத்துக்கொண்டு போவார்கள், நெட்வொர்க்கில் அந்த வேலை ஆகாது. மையப்பெட்டிக்குப் பலர் படிக்கட்டின் அடிப்பக்கத்தைக் காட்டுவார்கள். வீட்டுக்கு உள்ளே இருக்கிற, காய்ந்த படிக்கட்டு என்றால் நல்ல இடம்தான். ஆனால் பாத்ரூம் சுவரோடு சேர்ந்த இடம் வேண்டாம், மேற்குப் பார்த்த வெளிச்சுவரும் வேண்டாம். ஜூன், ஜூலையில் மழை மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும்போது அந்தச் சுவர் உள்பக்கம் வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். நின்றபடி கை எட்டுகிற உயரம், இரண்டடிக்கு இரண்டடி இடம், காற்றுப் போக ஓட்டை வைத்த கதவு, குறைந்தது நாலு பிளக் பாயின்ட். அந்த நாலும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும் என்று எலக்ட்ரீஷியனிடம் இப்போதே சொல்லுங்கள், முடிந்த பிறகு சொன்னால் தனியாக ஒயர் ஓட வேண்டிவரும்.

இனி அறைகள். படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் கேட்-6 என்கிற இன்டர்நெட் கேபிள் இரண்டு, மேஜை போடப்போகிற சுவரில். பிள்ளைகள் படிக்கிற அறைக்கும் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் அறைக்கும் அதுவே போதும். சிட்டவுட்டில் ஒன்று கட்டாயம் போடுங்கள், வாசல் மணியோடு கேமரா வைக்கிற காலம் இது. சமையலறைக்கு வேண்டாம்.

டிவி சுவருக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். டிவிக்கு ஒரு கேட்-6, செட்டாப் பாக்ஸுக்கோ பிள்ளைகளின் கேம் பெட்டிக்கோ இன்னொன்று, டிஷ்ஷிலிருந்து வரும் ஆர்ஜி-6 கோஆக்ஸ் கேபிள் ஒன்று. பிளக் பாயின்ட் எல்லாம் டிவிக்குப் பின்னால் மறையும் உயரத்தில் இருந்தால்தான் ஒயர் தொங்காது. எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்று உண்டு: டிவியின் பின்பக்கத்திலிருந்து கீழே உள்ள ஸ்டாண்டு வரைக்கும் சுவருக்குள் ஒரு இரண்டு இஞ்ச் பிவிசி பைப். செட்டாப் பாக்ஸ் கீழே இருக்கும், டிவி மேலே இருக்கும், நடுவில் எச்டிஎம்ஐ ஒயர் போக வேண்டும். அந்த ஒயரின் தலை சாதாரண ஒயரிங் பைப்பின் வளைவில் சிக்கிக்கொள்ளும். சுவருக்குள் நிரந்தரமாக எச்டிஎம்ஐ ஒயரையே புதைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சில வருஷத்துக்கு ஒருமுறை அதன் தரம் மாறிக்கொண்டே இருக்கிறது.

போனுக்குத் தனி ஒயர் இழுக்கவே வேண்டாம். இப்போது லேண்ட்லைன் என்பதே பெரும்பாலும் ஃபைபர் மோடத்தின் பின்னால் இருக்கும் ஒரு சின்னத் துளைதான். 04652-ல் தொடங்கும் பழைய நம்பரை விட மனசில்லாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கேட்-6 புள்ளி வைத்துவிடுங்கள். போன் ஒயரின் சின்னப் பிளக் நெட்வொர்க் சாக்கெட்டுக்குள் நடுவில் போய் உட்காரும், நீல ஜோடிக் கம்பி வழியாகப் பேச்சு போகும். மையப்பெட்டியில் அந்தக் கேபிளின் முனையை சுவிட்சில் செருகாமல் மோடத்தின் போன் துளையில் செருகினால் முடிந்தது. பிற்காலத்தில் அந்த அறையில் கம்ப்யூட்டர் வந்தால் முனையை மாற்றிச் செருகினால் அதே கேபிள் இன்டர்நெட்டுக்கு.

வைஃபை வேண்டாம் என்று சொல்லவில்லை. வைஃபை நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஒயரே. கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு சிக்னல் போவது கஷ்டம், வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இன்னும் கஷ்டம். மையப்பெட்டிக்குள் இரும்புக் கதவு போட்டு மோடத்தை வைத்துவிட்டு அதன் வைஃபையை நம்பினால் கீழ் வீட்டுக்கே கிடைக்காது. ஒவ்வொரு மாடியிலும் நடுவில், ஹாலுக்கும் படுக்கையறைகளுக்கும் பொதுவான இடத்தில், கூரையில் ஒரு பாக்ஸ் வைத்து அதிலிருந்து மையப்பெட்டிக்கு ஒரு பைப் கொண்டுவாருங்கள். ஃபேன் ஹுக்கிலிருந்து நாலடியாவது தள்ளி. வைஃபையைப் பரப்புகிற, வட்டத் தட்டு மாதிரி இருக்கும் ஆக்சஸ் பாயின்ட் அங்கே மாட்டிக்கொள்ளும். கரண்டுக்குத் தனி ஒயர் தேவையில்லை, பிஓஇ சுவிட்ச் கேட்-6 வழியாகவே மின்சாரம் அனுப்பும். அதன் முதல் தரத்திலேயே ஒரு துளைக்கு 15.4 வாட் வரை கிடைக்கும், சாதாரண ஆக்சஸ் பாயின்டுக்கும் கேமராவுக்கும் அது தாராளம். கூரையில் இருப்பதால் இந்தப் பைப்தான் வார்ப்புக்கு முன்னால் தவறாமல் போட வேண்டியது. சுவரில் உள்ளதைப் பூச்சுக்கு முன்னால்கூட வெட்டிப் புதைக்கலாம், தளத்தில் முடியாது.

பைப் விஷயத்துக்கு வருவோம். 20 மில்லி பைப்பில் இரண்டு கேட்-6 போகும், 25 மில்லியில் நாலு. கணக்கில் இன்னும் ஒன்று கூடுதலாக இடம் இருக்கும், ஆனால் வளைவுகளில் இழுக்கும்போது அந்தக் கணக்கு செல்லாது. நான் எங்கும் 25-க்குக் குறைத்துப் போடச் சொல்வதில்லை. ஐஎஸ்ஐ முத்திரை போட்ட, மீடியம் கனத்துக்குக் குறையாத பைப் வாங்குங்கள். லைட் கனம் வார்ப்பு அன்றைக்குக் கான்கிரீட் சட்டியோடு நடக்கிறவர்கள் கால் பட்டாலே நசுங்கும். திருப்பத்துக்குச் சின்ன எல்போ வேண்டாம், நீண்டு வளையும் பெண்டு கேட்டு வாங்குங்கள். ஒரு பாக்ஸிலிருந்து அடுத்த பாக்ஸுக்குள் இரண்டு வளைவுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வையுங்கள். பீமைத் துளைத்துப் போக வேண்டுமென்றால் இன்ஜினியரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

வார்ப்பு அன்று காலையில் நீங்களோ வீட்டில் வேறு யாராவதோ மேலே ஏறி ஒவ்வொரு பைப் முனையையும் பாருங்கள். ஜாயின்டில் பசை போட்டிருக்கிறதா, கூரைப் பாக்ஸின் வாய் தாளோ தெர்மோகோலோ வைத்து அடைத்து டேப் சுற்றியிருக்கிறதா, பைப்பைக் கம்பியோடு கட்டியிருக்கிறதா. வைப்ரேட்டர் போடும்போது ஜாயின்ட் ஒன்று கழன்றாலும் சிமென்ட் பால் உள்ளே இறங்கி மறுநாள் கல்லாகிவிடும். அந்தப் பைப் அதோடு போச்சு. மையப்பெட்டிக்கு மேலே எட்டுப் பத்துப் பைப் ஒரே இடத்தில் இறங்கும், அவற்றை ஒட்ட ஒட்ட வைத்தால் நடுவில் கான்கிரீட் நுழையாது. விரல் நுழைகிற இடைவெளி விட்டு வரிசையாக இறக்கச் சொல்லுங்கள்.

கரண்ட் ஒயரும் கேட்-6-ம் ஒரே பைப்பில் போகவே கூடாது. "இதுலயே இடம் கெடக்கே, சேத்து விட்டுரலாம்" என்பார்கள். நெட் வேகம் குறைவது ஒரு பக்கம் இருக்கட்டும், என்றைக்காவது 230 வோல்ட் ஒயரின் உறை உரிந்து நெட் கேபிளில் பட்டால் நீங்கள் தொடும் கம்ப்யூட்டர் வரைக்கும் அது வரும். சுவரில் இரண்டு பைப்பும் பக்கத்தில் ஓடினால் ஒரு அடி தள்ளி ஓடட்டும், குறுக்கே கடக்க வேண்டுமென்றால் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும். பாக்ஸும் தனித்தனி.

சுவர் வெட்டிப் பைப் பதித்ததும், பூச்சுக்கு முன்னால், ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்து போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு கர்ட்டன் ஸ்டாண்டு அடிக்கும்போது அந்த போட்டோதான் காப்பாற்றும்.

வெளியிலிருந்து வீட்டுக்குள் வருவதற்கு இரண்டு வழி வேண்டும், ஒன்று தரையில், ஒன்று மேலே. தரையில் காம்பவுண்டுச் சுவர் ஓரத்திலிருந்து மையப்பெட்டிக்கு 40 மில்லி பைப் ஒன்று, இன்டர்லாக் கல் பதிப்பதற்கு முன்னால். வீட்டிலிருந்து வெளியே சரிவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஐப்பசித் துலா மழைத் தண்ணீர் நேராகப் பெட்டிக்குள் வரும். ரோட்டுக் கம்பத்திலிருந்து காம்பவுண்டு வரை கேபிள் ஆகாயத்தில்தான் வரும், அது நம் கையில் இல்லை. அதற்கு அப்பால் தென்னை மரங்களுக்கு நடுவே தொங்கவிடாமல் மண்ணுக்கடியில் கொண்டுவந்தால், ஒரு மட்டை விழுந்து இரண்டு நாள் நெட் இல்லாமல் இருப்பது பாதியாவது குறையும். வெளிவாசலில் கேமராவோ காலிங் பெல்லோ வைக்க இதே குழியில் இன்னொரு 25 மில்லி பைப்பும் போட்டுவிடுங்கள், தோண்டுகிற கூலி ஒன்றுதான்.

மேலே, மட்டுப்பாவிலிருந்து, அதாவது மொட்டை மாடியிலிருந்து, மையப்பெட்டிக்கு ஒரு 40 மில்லி. முனை வானத்தைப் பார்த்து நிற்கக் கூடாது, இரண்டு பெண்டு வைத்துக் கீழே குனிந்திருக்க வேண்டும். தளத்திலிருந்து ஒரு அடி உயரத்தில் குனிந்தால் தேங்கும் தண்ணீரும் சாரலும் உள்ளே போகாது.

டிஷ் எங்கே மாட்டுவது என்பதை இந்தப் பைப்பை வைக்கும்போதே முடிவு பண்ணுங்கள். நம் மாவட்டம் 8 டிகிரி அட்சத்தில் இருப்பதால் செயற்கைக்கோள் தலைக்கு மேல் நல்ல உயரத்தில், தென்கிழக்குப் பக்கம் இருக்கும். மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15-லிருந்து, 93.5 டிகிரி கிழக்கில். அதற்கு டிஷ் இன்னும் கொஞ்சம் கிழக்கே திரும்பும். அதனால் மட்டுப்பாவில் உள்ள படிக்கட்டு அறையின் கிழக்குப் பக்கம்தான் டிஷ்ஷுக்கு வாகான இடம். மேற்கிலிருந்து வரும் காற்றை அந்த அறை தடுத்துவிடும், வானமும் திறந்திருக்கும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அங்கே வெறும் ஸ்க்ரூ ஆங்கரில் நிற்கும் டிஷ் ஆனி, ஆடியில் திரும்பிக்கொள்ளும். சின்னக் கான்கிரீட் மேடை கட்டி போல்ட்டைப் புதையுங்கள். இன்னொன்று, மட்டுப்பா மேல் ஷீட் கூரை போடும் எண்ணம் இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். டிஷ் மாட்டிய பிறகு ஷீட் போட்டு, படம் வரவில்லை என்று ஆளைக் கூப்பிடுகிற வீடுகள் ஏராளம். தகரத்துக்கு அடியில் எந்த டிஷ்ஷும் வேலை செய்யாது.

ஒவ்வொரு செட்டாப் பாக்ஸுக்கும் டிஷ்ஷிலிருந்து தனி கோஆக்ஸ் வேண்டும், நடுவில் சாதாரண ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரித்தால் ஒரு டிவியில் சேனல் மாற்றும்போது மற்றதில் படம் போகும். அப்பாவுக்குத் தமிழ்ச் செய்தி, அம்மாவுக்கு மலையாள சீரியல் என்று இரண்டு டிவி ஓடுகிற வீடு என்றால் இரண்டு கோஆக்ஸ், டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பியும் இரட்டை. எல்லாம் இன்டர்நெட்டில்தான் பார்ப்போம் என்கிறவர்களும் மட்டுப்பாப் பைப்பை மட்டும் விட்டுவிட வேண்டாம், சோலார் மீட்டருக்கோ தண்ணீர்த் தொட்டி சென்சாருக்கோ அது உதவும்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி மாதிரிக் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றுதான் முதல் எதிரி. கோஆக்ஸ் நுனியில் திருகிப் போடும் மலிவான எஃப் கனெக்டர் அங்கே சீக்கிரம் பச்சை பூத்துவிடும். அழுத்திப் போடும் பித்தளைக் கனெக்டர், அதற்கு மேல் ரப்பர் டேப், போல்ட்டும் நட்டும் ஸ்டெயின்லெஸ். குலசேகரம், திற்பரப்புப் பக்கம் உப்பு இல்லை, ஆனால் எலியும் அணிலும் உண்டு. பைப்புக்கு வெளியே ஒரு சாண் கேபிள் தெரிந்தாலும் கடித்துவைக்கும்.

கேபிள் வாங்கும்போது கவனம். கேட்-6 என்று எழுதியிருப்பதெல்லாம் செம்பு இல்லை. அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியதும் அதே பெயரில், அதே 305 மீட்டர் பெட்டியில் வருகிறது. பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், பெட்டியைத் தூக்கினாலே லேசாக இருக்கும். அந்தக் கேபிளில் பிஓஇ கேமரா மாட்டினால் ஒரு வேடிக்கை நடக்கும்: பகலெல்லாம் படம் நன்றாக வரும், ராத்திரி கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கு எரியத் தொடங்கியதும் அதிகக் கரண்ட் தேவைப்பட்டு, நீண்ட கேபிளில் வோல்டேஜ் இறங்கி, கேமரா அணைந்து அணைந்து எரியும். ஆட்களும் கேமராவை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்கு முழுச் செம்பு கேட்-6 போதும். 100 மீட்டர் வரை 1 கிகாபிட் தாங்கும், ஐம்பது மீட்டர் வரை 10 கிகாபிட்டும் போகும். அதைவிடத் தடிமனான கேட்-6ஏ நம் பைப்பில் இழுக்கக் கஷ்டம், வீட்டில் அதற்கு வேலையும் இல்லை. வெளியே போகிற நீளத்துக்கு மட்டும் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட கேபிள்.

இழுப்பது பூச்சு காய்ந்த பிறகு, கடைசிக் கோட் பெயின்டுக்கு முன்னால். ஒரு பைப்பில் போக வேண்டிய எல்லாக் கேபிளையும் சேர்த்துக் கட்டி ஒரே தடவையில் இழுங்கள், ஒருவர் இழுக்க ஒருவர் ஊட்ட வேண்டும். சிக்கினால் முகப்பவுடர் தூவலாம், எண்ணெய் வேண்டாம். முழு பலத்தோடு இழுத்தால் உள்ளே முறுக்கு குலைந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இழுத்த கேபிளோடு புதுக் கயிறு ஒன்றும் உள்ளே போகட்டும். இரண்டு முனையிலும் உடனே பெயர் எழுதி ஒட்டுங்கள், "நாளைக்கு எழுதிக்கலாம்" என்றால் இருபது நீலக் கேபிளுக்கு நடுவே உட்கார்ந்து முழிக்க வேண்டியதுதான். அறைப் பக்கம் ஒரு அடி, பெட்டிப் பக்கம் ஆறடி மிச்சம் விடுங்கள்.

சுவரில் கேபிளின் நுனியில் நேராகப் பிளக் அடித்துத் தொங்கவிடுவது வேண்டாம், மாடுலர் பிளேட்டில் ஆர்ஜே-45 சாக்கெட் போட்டு முடியுங்கள். சுவருக்குள் உள்ள கேபிளின் கம்பி ஒற்றைக் கட்டி, அடிக்கடி அசைந்தால் முறியும். நிறவரிசை இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் பக்கம் எல்லோரும் போடுவது பி வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. ஜோடியின் முறுக்கை அரை இஞ்சுக்கு மேல் பிரிக்கக் கூடாது.

மின்னல். சித்திரை, ஐப்பசி மாதச் சாயங்கால இடி எப்படி என்று தெரியும். மட்டுப்பாவிலிருந்து டிவிக்கு வரும் கோஆக்ஸ், வெளிவாசல் கேமராவிலிருந்து வரும் கேட்-6, இரண்டும் மின்னலுக்கு வழி. வீட்டுக்கு எர்த் சரியாகப் போட்டு, டிஷ்ஷின் இரும்பையும் அதோடு இணைக்கச் சொல்லுங்கள்; வெளியிலிருந்து வரும் கேட்-6-க்கு மையப்பெட்டியில் சர்ஜ் ப்ரொடெக்டர் ஒன்று. தோட்டத்தில் தனியாக இருக்கும் ஷெட்டுக்கோ பக்கத்துத் தம்பி வீட்டுக்கோ நெட் கொடுக்க வேண்டுமென்றால் செம்புக் கேபிள் வேண்டாம், இரும்புக் கம்பி இல்லாத ஃபைபரைப் போடுங்கள், அதில் மின்னல் வராது. இவ்வளவும் செய்தாலும் இடி பக்கத்தில் இறங்கும்போது கோஆக்ஸையும் பிளக்கையும் கழற்றி வைப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்து ஆயிரக்கணக்கில் மின்கம்பம் சாய்ந்தபோது இன்வெர்ட்டரும் ஒரு ராத்திரிக்கு மேல் தாங்கவில்லை என்பது வேறு கதை. சாதாரண மழைக்காலக் கரண்ட் கட்டுக்கு மையப்பெட்டி இன்வெர்ட்டரில் இருந்தால் போதும். இன்வெர்ட்டரே இல்லாத வீட்டில் மோடத்துக்கு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்தால் சில மணி நேரம் ஓடும்.

எலக்ட்ரீஷியனுக்குக் கணக்குத் தீர்ப்பதற்கு முன்னால் கேபிள் டெஸ்டர் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொரு புள்ளியையும் உங்கள் எதிரில் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு விளக்கும் இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் எரிய வேண்டும். அதோடு நிற்காமல் ஒரு லேப்டாப்பைச் செருகி 1 கிகாபிட் காட்டுகிறதா என்றும் பாருங்கள். 100 என்று காட்டினால் ஏதோ ஒரு ஜோடி சரியாக உட்காரவில்லை, சாக்கெட்டைத் திறந்து மறுபடி அழுத்தச் சொல்லுங்கள். எந்தப் புள்ளி எந்த நம்பர் என்று எழுதி மையப்பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். இப்போதைக்குப் பயன்படுத்தாத பைப்களின் வாயை, முக்கியமாக வெளியே தெரிகிறவற்றை, மூடி போட்டு அடைத்துவிடுங்கள். திறந்து கிடந்தால் ஒரே வாரத்தில் குளவி மண் வைத்து அடைத்துவிடும்.